இடப்பக்கம் வைத்த மீன்

எனது வலைப்பூவில் வரும் விளம்பரங்களை நானே ஒருநாளும் அழுத்திப் பார்த்ததில்லை. தேங்காய் எண்ணெய் விளம்பரம் ஒன்று நன்றாகத்தான் இருந்தது. அந்த எண்ணெயை வாங்க ஆசை வந்தபோதுகூட வெள்ளவத்தைச் சந்தைக்கு நடந்து போய்க் கடையில் வாங்கினேன். சொந்தப் பக்கத்து விளம்பரத்தை அழுத்தக் கூடாது என்பது விதி, விதி என்றால் விதி. உங்கள் நிறுவனம் அனுப்பிய விதிமுறைகளை முழுவதும் வாசித்தவள் அநேகமாக நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன், அகீலா.

ஆகவே என் கணக்கு இடைநிறுத்தப்பட்டிருப்பதாக அறிவித்தல் வந்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. உங்கள் சந்தேகம் நியாயமானது. லாத்வியா நாட்டில் ஒரே இணைய முகவரியிலிருந்து ஒருவர் என் பதிவுகளைத் திரும்பத் திரும்பத் திறந்திருக்கிறார். கடைசிப் பதிவில் மணிக்கணக்காகத் தங்கியிருக்கிறார். உங்கள் புதிய விளம்பரத் திட்டமோ வாசகர் பக்கத்தில் தங்கும் நேரத்துக்குப் பணம் கொடுப்பது. அதனால் நான் யாரையோ கூலிக்கு வைத்துப் பக்கத்தைத் திறந்து வைக்கச் சொன்னேன் என்று நினைக்கிறீர்கள். முதல் எச்சரிக்கை வந்த வாரமே அந்த ஆள் வருவது நின்றுபோனது உங்கள் சந்தேகத்தை இன்னும் கூட்டிவிட்டது.

"மேடம், அது யாருண்டு உங்களுக்குத் தெரியுமா? தெரியுமெண்டா செல்லிருங்க, லேசா முடிச்சிரலாம்" என்று தொலைபேசியில் கேட்டீர்கள். தெரியும் என்றேன். எழுதி அனுப்பச் சொன்னீர்கள். தொலைபேசியை வைக்கும் முன் இன்னொரு கேள்வியும் கேட்டீர்கள். அது வேலை சம்பந்தமான கேள்வி அல்ல. அதற்குக் கடைசியில் வருகிறேன். ஒரு கேள்வியை மிச்சம் வைக்கச் சொல்லித் தந்தவர் நீங்கள்தான்.

நான் அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். சுற்றறிக்கைகளைச் சிங்களத்திலிருந்து தமிழுக்கு மாற்றுவதே என் வேலை. அந்தச் சுற்றறிக்கைகளில் எங்கேயும் நான் இருந்ததில்லை. ஓய்வு பெற்றபின் என்னைப் பற்றி எழுத விரும்பினேன். வலைப்பூவுக்கு 'உள்ளறை' என்று பெயர் வைத்தேன். தனியாக வாழும் ஒரு பெண்ணின் மனம் காலையில் எப்படி இருக்கிறது, மாலையில் எப்படி மாறுகிறது என்றெல்லாம் எழுதினேன். மழை பெய்யும்போது யன்னலைச் சாத்தலாமா விடலாமா என்று தயங்குவதைப் பற்றி நீண்ட பதிவொன்று இருக்கிறது. அதை நான் எழுதியவற்றில் சிறந்தது என்று இப்போதும் நினைக்கிறேன். யாரும் வாசிக்கவில்லை.

உங்கள் திட்டத்தின் அறிமுகக் கூட்டம் காலி வீதியில், புடவைக்கடை ஒன்றின் மேல்மாடியில் நடந்தது. வந்தவர்களில் பெரும்பாலானோர் சமையற்குறிப்பு எழுதுபவர்கள். நீங்கள் எல்லாருடைய பக்கங்களையும் திரையில் காட்டி ஒவ்வொன்றாக அபிப்பிராயம் சொன்னீர்கள். என்னுடையது வந்தபோது அதை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தீர்கள்.

"மேடம், எழுத்து வடிவா ஈக்கிது. ஆனா வாசிக்கிற ஆளுக்கு நாளைக்கும் வாறதுக்கு ஒரு காரணம் வேணும்தானே. நீங்க எல்லாத்தையும் இண்டைக்கே செல்லி முடிச்சிட்டுப் போறீங்க. ஒரு கேள்விய மிச்சம் வைங்க. பதில குடுக்க வாணாம். குடுத்தா ஆக்கள் போயிருவாங்க."

பக்கத்தில் இருந்த ஒரு பெண் சிரித்தார். "அது சரிதான். என்ர மனுசனும் அப்பிடித்தான், சாப்பாடு எப்பிடி எண்டு கேட்டா பதிலே சொல்ல மாட்டார். நானும் முப்பது வருசமாச் சமைக்கிறன்" என்றார். எல்லாரும் சிரித்தோம். நான் வீடு வந்து நீங்கள் சொன்னதை யோசித்தேன். என் வாழ்வில் பதிலில்லாத கேள்வி ஒன்றுகூட இல்லை என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனால் எதிர்வீட்டில் ஒன்று இருந்தது.

எங்கள் தொடர்மாடியில் என் கதவுக்கு நேரெதிரே கதிர்காமநாதன் என்று ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார். மனைவி இறந்து தனியாக இருந்தவர். அவருடன் அவருடைய அக்கா இரத்தினம்மா வந்து சேர்ந்தார். அதற்கு முன் அவர் கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய வாடகை வீட்டில் தன் ஒரே மகன் சுகிர்தனோடு இருந்தவர். மகன் ஏஜென்ட் ஒருவன் மூலம் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டான். கடைசியாகத் தொலைபேசி எடுத்தபோது ஏதோ ஒரு காட்டில் நிற்பதாகச் சொன்னானாம். அதன் பிறகு ஒன்றுமில்லை. அவனிடமிருந்து அழைப்பு வரும் என்று அந்த வீட்டுத் தொலைபேசியின் பக்கத்திலேயே அவர் இருந்தார். பிறகு வீட்டுக்காரர் வீட்டை இடித்து மாடி கட்டப் போவதாகச் சொன்னார். வீடும் போனது, அந்தத் தொலைபேசி இலக்கமும் போனது. தம்பியின் இலக்கம் மகனுக்குத் தெரியாது. மாமனும் மருமகனும் முன்னமே கோபம்.

இரத்தினம்மா அன்ரி ஒவ்வொரு மத்தியானமும் மகனுக்கென்று ஒரு தட்டுப் போடுவார். சோறு, இரண்டு மரக்கறி, ஒரு துண்டு மீன். அதை இன்னொரு தட்டால் மூடி மேசையில் வைப்பார். மாலையில் அது கீழே காவலுக்கு இருக்கும் ஹெக்டரிடம் போகும். கதவு திறந்திருந்தால் எனக்கு எல்லாம் தெரியும். மீனை எப்போதும் தட்டின் இடப்பக்கத்தில் வைப்பார். தண்ணீர்க் குவளையையும் இடப்பக்கத்திலேயே வைப்பார். ஒருநாள் ஏன் என்று கேட்டேன்.

"அவன் இடக்கையன் பிள்ளை. சின்னனில அடிச்சு அடிச்சுத் திருத்தினனான். கையைக் கட்டிக்கூட விட்டனான். சபை சந்தியில இடக்கையால தின்னக் கூடாதெல்லே. எனக்கு முன்னால வலக்கையால தின்னுவான். நான் அங்கால திரும்பினா இடக்கை." தட்டை மூடினார். "இப்ப எந்தக் கையால எண்டாலும் தின்னட்டும். வந்து தின்னட்டும்."

அன்றே அதை எழுதினேன். பெயர் சொல்லவில்லை. 'எதிர்வீட்டு அம்மா' என்று மட்டும் எழுதினேன். ஊர் பெயரும் சொல்லவில்லை, கடலுக்குக் கிட்ட என்றேன். தட்டைப் படம் எடுத்துப் போட்டேன். முடிவில் உங்கள் அறிவுரைப்படி, நாளைக்கு அந்தத் தட்டை யார் திறப்பார் என்று கேட்டு நிறுத்தினேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். நீங்கள்தான் முதலில் வாழ்த்து அனுப்பினீர்கள். கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொரு நாளும் வந்தார்கள். எனக்கு வந்த முதற் பணத்தில் ஒரு நல்ல வெள்ளைப் பீங்கான் தட்டு வாங்கி அன்ரிக்குக் கொடுத்தேன், படம் எடுபடும் என்பதற்காக. அவர் அதைத் திருப்பித் தந்துவிட்டார்.

"அவனுக்கு இந்தப் பிளேட்டைத் தெரியாது பிள்ளை. அந்நியமா இருக்கும்."

எனவே பழைய தட்டே தொடர்ந்தது. ஓரத்தில் நெளிந்த அலுமினியத் தட்டு. அது வாசகர்களுக்கு இன்னும் பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

என் பதிவுகளால் அன்ரிக்கும் நன்மை இருந்தது. தினமும் காலையில் என் கதவைத் தட்டுவார். "பிள்ளை, ஏதும் வந்ததோ?" என்பார். இணையம் என்பது உலகத்தில் உள்ள எல்லாரையும் விசாரித்துப் பார்க்கும் ஓர் அரசாங்கக் கந்தோர் என்றும், அங்கே எனக்கு ஆட்களைத் தெரியும் என்றும் அவர் நம்பினார். "இல்லை அன்ரி" என்பேன். "சரி. நீ தேத்தண்ணி குடிச்சியே?" என்று உள்ளே வந்து உட்காருவார். ஒரு மணித்தியாலம் கதைப்பார். திணைக்களத்தில் இருந்த காலத்திலும் என்னிடம் யாரும் இவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை.

மகன் எப்படிப் போனான் என்பதையும் அப்படி ஒரு காலையில்தான் சொன்னார். அவருடைய தாலிக்கொடியை அவருக்குத் தெரியாமல் எடுத்து விற்றுத்தான் ஏஜென்டுக்குக் கட்டினானாம். "அதுக்கு நான் ஏசினது இல்லைப் பிள்ளை. மனுசன் போனாப்பிறகு பெட்டிக்குள்ளதானே கிடந்தது. கேட்டிருந்தா நானே எடுத்துக் குடுத்திருப்பன். கேட்க வெக்கப்பட்டிட்டான்" என்றார். இதை நான் எழுதவில்லை. தாய்க்கு மகன்மேல் கோபம் இருக்கிறதா இல்லையா என்பது தெரியாமல் இருந்தால்தான் கதைக்கு ஓர் இழுவை இருக்கும்.

இனி உங்கள் கேள்விக்குரிய ஆள் வருகிறார்.

என் வலைப்பூவில் வாசகர் எழுதும் கருத்துரைகள் உடனே வெளியாவதில்லை. நான் பார்த்து அனுமதித்தபின்தான் தெரியும். அதுவும் விதிமுறையில் நீங்கள் பரிந்துரைத்ததுதான். ஒரு நாள் அந்தப் பெட்டியில் இது இருந்தது:

"அன்ரி, இந்தப் பிளேட்டின்ர நெளிவு நான் பந்தால அடிச்சது. இது என்ர அம்மாவின்ர பிளேட். அம்மா பேர் இரத்தினம்மா. நான் சுகிர்தன். உயிரோட இருக்கிறன். கீழ என்ர நம்பர் போட்டிருக்கிறன். எனக்கு விசா ஒண்டும் இல்லை, வேற ஆக்களிட்டக் கேக்கப் பயமா இருக்கு. அம்மாட்ட நம்பரைக் குடுங்கோ. உங்களைத் தெய்வமா நினைப்பன்."

தெய்வமாக நினைப்பேன் என்பது கொஞ்சம் மிகை. எழுத்துப்பிழைகளும் இருந்தன, இங்கே திருத்தித் தந்திருக்கிறேன்.

இணையத்தில் ஏமாற்றுக்காரர்கள் நிறைய. ஒரு தாயின் மனதோடு விளையாட விடக்கூடாது என்று நினைத்தேன். எனவே மறுநாள் காலை அன்ரியிடம் சாதாரணமாகக் கேட்டேன், தட்டில் அந்த நெளிவு எப்படி வந்தது என்று. "அவன்தான். விறாந்தையில பந்தடிச்சு. அதுக்கும் அடி வாங்கினவன்" என்றார். ஆகவே ஆள் உண்மைதான் என்று உறுதியானது. அதை உறுதிப்படுத்திக்கொண்டது நான் பொறுப்போடு நடந்துகொண்டதைக் காட்டுகிறது என்று நினைக்கிறேன்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் அன்ரிக்கு இரத்த அழுத்தம். திடீரென்று சொன்னால் ஏதாவது நடந்துவிடும் என்று பயந்தேன். ஒரு நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று வைத்தேன். அடுத்த காலை அவர் வந்து, "ஏதும் வந்ததோ?" என்றார். கருத்துரை எனக்குத்தான் வந்தது, அவருக்கு வரவில்லை. "உங்களுக்கு ஒண்டும் வரேல்லை அன்ரி" என்றேன். அதில் பொய் இல்லை.

அவன் தொடர்ந்து எழுதினான். நான் அனுமதிக்காததால் வெளியாகவில்லை என்று அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும், இருந்தும் எழுதினான். முதலில் கெஞ்சினான். பிறகு கெஞ்சுவதை விட்டுவிட்டு வேறு விடயங்களை எழுதத் தொடங்கினான். கொட்டாஞ்சேனையில் கரண்ட் போன நாட்களில் அம்மா பள்ளிக்கூட அப்பியாசக் கொப்பியால் விசிறிவிடுவாராம். புட்டுக்கு அப்பாவுக்குத் தெரியாமல் சீனி போட்டுத் தருவாராம். பள்ளிக்கூடத்தில் இடக்கையால் எழுதியதற்கு ஆசிரியர் அடித்தபோது, வீட்டில் அதற்கே அடித்த அம்மா, பள்ளிக்கூடத்துக்கு வந்து ஆசிரியரோடு சண்டை போட்டாராம். "என்ர பிள்ளைக்கு நான் மட்டும்தான் அடிக்கலாம் எண்டு கத்தினவ" என்று எழுதியிருந்தான்.

நல்ல விடயங்கள். வீணாகக் கூடாது. நான் அவற்றைப் பதிவுகளில் சேர்த்தேன், எதிர்வீட்டு அம்மா எனக்குச் சொன்னதாக. அந்தப் பள்ளிக்கூடப் பதிவு எவ்வளவு பேரைக் கொண்டுவந்தது என்பது உங்கள் அறிக்கையில் இருக்கும்.

அவன் அதை வாசித்தான். தான் எழுதியது மறுநாள் பதிவில் வருவதைக் கண்டான். ஒருமுறை, "அம்மாக்கு முழங்கால் நோ எப்பிடி?" என்று கேட்டிருந்தான். அந்த வாரம் தற்செயலாக நான் அன்ரியின் முழங்காலைப் பற்றி எழுதினேன். தற்செயல் என்பது முழுவதும் சரியல்ல. அவன் கேட்டதால்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. அதன் பிறகு அவனிடமிருந்து இது வந்தது:

"அம்மா, இப்ப விளங்குது. நான் எழுதுறதை அன்ரி உங்களுக்கு வாசிச்சுக் காட்டுறா. நீங்கள் பதில் சொல்ல அவ எழுதுறா. கொடியை எடுத்த கோவத்தில என்னோட நேர கதைக்க உங்களுக்கு விருப்பமில்லை. பரவாயில்லை அம்மா. இப்பிடிக் கதைச்சாலும் எனக்குக் காணும்."

நான் அதைத் திருத்தவில்லை. ஒரு படைப்பை வாசகர் எப்படி விளங்கிக்கொள்ள வேண்டும் என்று எழுதுபவர் சொல்லக் கூடாது என்பது என் கொள்கை. அதோடு, ஒரு வகையில் அவர்கள் இருவரும் கதைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவன் கேட்டான். அவர் என் சோபாவில் உட்கார்ந்து சொன்னார். இடையில் நான் இருந்தேன். என் வாழ்நாள் முழுவதும் நான் செய்த வேலையும் அதுதான்.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் தீங்கு வந்திருக்காது. ஆனால் வாசகர்கள் சலிக்கத் தொடங்கினார்கள். தட்டு, மீன், மூடி. நீங்களும் ஒரு மடல் போட்டீர்கள், தங்கும் நேரம் இறங்குகிறது, கதையில் ஒரு திருப்பம் வேண்டும் என்று. உங்களைக் குறை சொல்லவில்லை. உங்களுக்கு மாளிகாவத்தையில் வீட்டு வாடகை, எனக்கு அது இல்லை. உண்மையைச் சொன்னால் பணம் எனக்கு ஒரு பொருட்டே அல்ல, ஓய்வூதியம் போதும். ஆனால் காலையில் எழுந்து அறிக்கையைத் திறக்கும்போது ஒரு கூட்டம் எனக்காகக் காத்திருக்கிறது என்ற உணர்வு இருக்கிறதே, அது ஒருமுறை வந்துவிட்டால் பிறகு யன்னலையும் மழையையும் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

கேள்விக்கு ஒரு பதில் தேவைப்பட்டது. என் கையில் ஒன்று இருந்தது. மகன் உயிரோடு இருக்கிறான். ஆனால் அந்தப் பதிலுக்குப் பின்னால் எழுத ஒன்றும் இல்லை. அவர்கள் இருவரும் தொலைபேசியில் கதைப்பார்கள். அன்ரி காலையில் என் கதவைத் தட்ட மாட்டார். தட்ட எந்தத் தேவையும் இருக்காது.

அந்த நேரத்தில்தான் கதிர்காமநாதன் அங்கிள் கிரியைப் பேச்சை எடுத்தார். கதவு திறந்திருந்தது. என்னையும் கூப்பிட்டார்கள்.

"அக்கா, எவ்வளவு காலமாச்சு. செத்தவனுக்கு ஒரு சொட்டு எள்ளுத் தண்ணிகூட இறைக்காமல் இருக்கிறம். அவன்ர ஆத்மா எந்தக் காட்டுக்குள்ள அலையுதோ."

"செத்தவன் எண்டு நீ கண்டியோ? உயிரோட இருக்கிற பிள்ளைக்கு எள்ளுத் தண்ணி இறைக்கிறது என்ன பாவம் எண்டு தெரியுமோ உனக்கு?"

"உயிரோட இருந்தா ஒரு போன் கோல் எடுக்க மாட்டானே?"

"எந்த நம்பருக்கு எடுக்கிறது? உன்ர நம்பர் அவனுக்குத் தெரியுமே? நீ ஆரோடதான் ஒழுங்காக் கதைச்சனீ?"

"சரி, நான்தான் பிழை. எல்லாத்துக்கும் நான்தான். இந்தப் பிளேட்டையும் நான்தான் நெளிச்சனான்."

அன்ரி சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ படிச்சனீ. உலகம் முழுக்க விசாரிச்சனீ. நீ சொல்லு பிள்ளை. நீ வேண்டாம் எண்டா நான் செய்ய மாட்டன்."

என் கைத்தொலைபேசி மடியில் இருந்தது. அன்று காலை வந்த கருத்துரையில் அவன், தனக்கு ஒரு பண்ணையில் வேலை கிடைத்திருப்பதாகவும், அங்கே எல்லாரும் கரண்டியால் சாப்பிடுவதால் எந்தக் கை என்று யாரும் பார்ப்பதில்லை என்றும் எழுதியிருந்தான். அதை அம்மாவிடம் சொல்லுங்கோ, அவ சிரிப்பா என்றும் எழுதியிருந்தான்.

நான் யோசித்தேன். அவசரப்பட்டுச் சொன்ன பதில் அல்ல என்பதை நீங்கள் அறிய வேண்டும். "அங்கிள் சொல்றதிலயும் ஒரு நியாயம் இருக்குது அன்ரி. உங்கட மனதுக்கு ஒரு ஆறுதல் வேணும்" என்றேன்.

அன்ரி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப உனக்கும் அவன் இல்லை எண்டுதான் படுது" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததையும் நான் பொய்யாகக் கணக்கெடுப்பதில்லை.

கிரியை முகத்துவாரத்தில், களனி ஆறு கடலோடு சேரும் இடத்தில் நடந்தது. உடல் இல்லாததால் ஐயர் தர்ப்பையால் ஓர் உருவம் செய்தார். கதிர்காமநாதன் அங்கிள் உரிமைக்காரராக நின்று கிரியை செய்தார். நான் அன்ரிக்குக் குடை பிடித்தேன். ஐயர், கிரியைக்கென்று பூணூல் போட்டிருந்த அங்கிளிடம், "பூணூலை இடமா மாத்திப் போடுங்கோ" என்றார். செத்தவர்களுக்குச் செய்யும்போது அப்படித்தான், எல்லாம் மறுபக்கம்.

அன்ரி அதைக் கேட்டார். "இடமோ?" என்று மெல்லக் கேட்டார். பிறகு யாரிடமும் இல்லாமல், "இதுக்குத்தானே அவனுக்கு அந்த அடி அடிச்சனான்" என்றார்.

அதைக் கேட்டதும் இதுதான் பதிவின் கடைசி வரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மறந்துவிடாமல் மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றேன். தர்ப்பை உருவம் எரிந்தபோது கைப்பைக்குள் தொலைபேசி ஒருமுறை அதிர்ந்தது. எடுத்துப் பார்க்கவில்லை. கிரியை நடக்கும் இடத்தில் தொலைபேசி பார்ப்பது மரியாதை அல்ல.

வீட்டுக்கு வந்து எழுதினேன். என் பதிவுகளில் அதிகம் வாசிக்கப்பட்டது அதுதான். நீங்களும் அழுததாக எழுதினீர்கள்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது, அகீலா. உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஒரு பிள்ளை மன்னிக்க முடியாததைச் செய்துவிட்டால், அவன் உயிரோடு இருக்கும்போதே தாய்தகப்பன் அவனுக்குச் செத்தவீட்டுக் கிரியை செய்து தலைமுழுகிவிடுவார்கள். இனி நீ எங்களுக்கு இல்லை என்பது அதன் அர்த்தம். எல்லாரும் செய்வதில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும். நான் அந்தப் பதிவை எழுதும்போது இது என் நினைவுக்கு வரவில்லை. அவனுக்கு வந்திருக்கிறது. தான் எழுதுவது எல்லாவற்றையும் அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றல்லவா அவன் நம்பியிருந்தான்.

"அம்மா, வாசிச்சன். நான் இருக்கிறன் எண்டு தெரிஞ்சும் எனக்கு எள்ளுத் தண்ணி இறைச்சிட்டீங்கள். நீங்கள் செய்தது சரியாத்தான் இருக்கும். ஒண்டு மட்டும். அந்தக் கொடிக்கு ஒரு கொடி செய்து கொண்டு வரோணும் எண்டுதான் இருந்தன். இனி எழுதிக் கரைச்சல் தர மாட்டன்."

அதன் பிறகு அவன் எழுதவில்லை. பக்கத்தை மட்டும் திறந்தான். முகத்துவாரப் பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்காக இருந்தான். மூடினான், திறந்தான். உங்கள் இயந்திரம் கண்டுபிடித்த போலி வாசகர் அவன்தான். கூலிக்கு ஆள் வைத்தால் இப்படி வாசிப்பார்களா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அவன் வருவது ஏன் நின்றது என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரியாது. நான் நிறுத்தச் சொல்லவில்லை. பண்ணையில் இணையம் இல்லாமல் போயிருக்கலாம். வேறு ஊருக்கு மாறியிருக்கலாம். அங்கே இப்போது கடுங்குளிர் காலம் என்று அறிகிறேன். அவனுடைய இலக்கம் என்னிடம் இருக்கிறது. எடுத்துப் பார்க்கவில்லை. அழைத்தால் பதில் கிடைத்துவிடும்.

ஆதாரமாக அவனுடைய கருத்துரைகள் அனைத்தையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். தனிப்பட்ட விடயம் என்பதால் இதுவரை வேறு யாருக்கும் காட்டவில்லை. சுருக்கமாகச் சொன்னால், மகன் உயிரோடு இருக்கிறான் என்பதை ஒரு தாயிடமிருந்து மறைத்தேன், அவரைக் கொண்டே அவனுக்குச் சாவுக் கிரியை செய்ய வைத்தேன், அதை அவன் வாசிக்க எழுதினேன். இவை எதுவும் உங்கள் விதிமுறைகளில் தடை செய்யப்படவில்லை. மீண்டும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இனி, நீங்கள் கடைசியாகக் கேட்ட கேள்வி. "மேடம், மய்யத்துச் சடங்கெல்லாம் செஞ்சிட்டாங்கதான். எண்டாலும் கேக்கிறேன். அந்த உம்மாட மகன் கெடச்சாரா?"

கிடைத்தார், அகீலா. எனக்குக் கிடைத்தார்.

இரத்தினம்மா அன்ரி நலமாக இருக்கிறார். காலையில் வந்து "ஏதும் வந்ததோ?" என்று இப்போது கேட்பதில்லை. ஹெக்டருக்குத்தான் குறை. "மிஸ், அந்த மகன் வரணும் எண்டு நான் கொச்சிக்கடை கோயில்ல மெழுகுதிரி கூடப் பத்த வைச்சது. மகனும் இல்லை, இப்ப நமக்குச் சாப்பாடும் இல்லை" என்று படிக்கட்டில் வைத்துச் சொன்னார். தன் சாப்பாட்டுக்கு எதிராக எதற்கு மெழுகுதிரி ஏற்றினார் என்று எனக்கு விளங்கவில்லை.

கிரியை முடிந்த மறுநாள் மத்தியானம் அன்ரி அந்த நெளிந்த தட்டோடு என் கதவைத் தட்டினார். "தனியத்தானே இருக்கிறாய். ஒராளுக்குக் கூடச் சமைச்சுப் பழகிட்டன். இனி நீ தின்னு பிள்ளை" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் கொண்டுவருகிறார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருக்கிறார். எனக்கு இப்படி யாரும் செய்ததில்லை.

கைப்பழக்கத்தில் மீனை இன்னமும் இடப்பக்கம்தான் வைக்கிறார். நான் தட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு சாப்பிடுகிறேன்.